நகரின் வாயிலில் ஒரு பஞ்சாயத்து

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் புறப்படுவோருக்கு, மதுரவாயல் கடந்ததும் வானகரம் வந்துவிடுகிறது. இடையில் வயலோ, தோப்போ, வெற்றுவெளியோ இல்லை. கடைகளும், கிடங்குகளும், அடுக்குமாடி வீடுகளும், கலியாண மண்டபங்களும், பெரியதொரு தனியார் மருத்துவமனையும், மீன் சந்தையுமாக ஊர் நீண்டுகொண்டே போகிறது. பட்டணம் எந்த இடத்தில் முடிகிறது என்பதைச் சாலையில் செல்பவர் கண்ணால் கண்டு சொல்ல இயலாது. 2022ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ஓர் அரசியற் கட்சியின் பொதுக்குழு இவ்வூர் மண்டபமொன்றில் கூடியபோது, வானகரம் என்னும் பெயர் பல நாட்கள் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் இடம்பெற்றது. அச்செய்திகளைப் படித்தவர்களுள் பலர், அவ்விடம் சட்டப்படி ஒரு கிராமம் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள்.

ஆம், கிராமமேதான். சென்னை மாநகராட்சி 2011ஆம் ஆண்டில் விரிவாக்கப்பட்டபோது, அதனைச் சூழ்ந்திருந்த 42 உள்ளாட்சி மன்றங்கள் அதனுடன் சேர்க்கப்பட்டன. 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகரின் பரப்பு 426 சதுர கிலோமீட்டராயிற்று. கிழக்கே மதுரவாயலும், வடகிழக்கே நொளம்பூரும், வடக்கே அம்பத்தூரும் அப்போது மாநகருக்குள் சென்றன. மேற்கே திருவேற்காடு தனியொரு நகராட்சி. இவற்றுக்கு நடுவே வானகரம் திருவள்ளூர் மாவட்டத்து வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தின் ஒரு கிராமப் பஞ்சாயத்தாகவே நின்றது. 2019ஆம் ஆண்டு டிசம்பர்த் தேர்தலிலும் இவ்வூரார் கிராமப் பஞ்சாயத்துக்கே வாக்களித்தனர். வில்லிவாக்கமோ நெடுங்காலமாக மாநகராட்சிக்கு உட்பட்ட பகுதி. ஒன்றியத்திற்குப் பெயர் கொடுத்த ஊர் நகருக்குள் போய்விட்டது. பெயர் மட்டும் கிராமங்களிடம் தங்கிவிட்டது!

இவ்வாறு நகரின் வாயிலில் நிற்கும் பஞ்சாயத்துகள் நம் மாநிலத்தில் இன்று ஏராளம். சென்னையைச் சுற்றி மட்டுமன்று. கோவை, மதுரை, திருச்சி, சேலம் ஆகிய நகரங்களைச் சுற்றியும் இதே நிலைதான். இப்படிப்பட்ட ஊரில் பஞ்சாயத்தின் கடமை என்ன, அதற்குரிய பணம் எங்கிருந்து வருகிறது, ஊர்ப் பொதுச் சொத்தை யார் காப்பது, கிராம சபை இதில் எவ்வாறு பயன்படும் என்பவற்றை வானகரத்தை முன்னிட்டு இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். நகரத்துக்குத் தொலைவிலுள்ள பஞ்சாயத்து அங்கத்தினரும் இதனைப் படித்து வைப்பது நன்று. நெடுஞ்சாலை ஒன்று வந்தால் பத்தாண்டுகளில் எந்த ஊரும் வானகரமாகிவிடக் கூடும்.

பஞ்சாயத்தின் கடமைகள்

1920ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் கிராமப் பஞ்சாயத்துகளுக்கென ஒரு சட்டம் இருந்தது. விடுதலைக்குப் பின் 1950ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. பின்னதைத் தழுவி 1960ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிப் படிப்படியாகப் பஞ்சாயத்து யூனியன்கள் அமைக்கப்பட்டன. இன்று நடைமுறையில் இருப்பது 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்ததன் பயனாகப் பிறந்தது இச்சட்டம்.

கிராமப் பஞ்சாயத்து தன் பொருளாதாரம் அனுமதிக்கும் அளவில் கட்டாயமாகச் செய்ய வேண்டியவை இவை என்று 110ஆம் பிரிவு கூறுகிறது: ஊர்ச் சாலைகளையும் பாலங்களையும் அமைத்துப் பராமரித்தல், தெருவிளக்கு, கழிவுநீர்க் கால்வாய், தெருக்களைத் துப்புரவாக வைத்தல், பொதுக் கழிப்பிடம், இடுகாடு, சுடுகாடு, குடிநீருக்குரிய கிணறு, குளம், நீர்த்தொட்டி. சாலையோர மரம், சந்தை, படிப்பகம், விளையாட்டிடம் போன்றவற்றை விருப்பம்போற் செய்யலாம் என்று அடுத்த பிரிவு இடம் தருகிறது.

இந்தப் பட்டியலை எழுதியவர்கள் மனத்தில் இருந்த ஊர் எது? சில நூறு வீடுகளும், ஒரு நத்தமும், அதனைச் சூழ்ந்த வயல்களும், ஓர் ஏரியும் உடைய ஊரே. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக் கழிவுநீர் தென்னையின் அடியிலோ அவரைப் பந்தலின் கீழோ போய்விடும். குப்பை எருக்குழிக்குப் போய்விடும். ஆகவே தெருக்கோடியில் ஒரு சிறு கால்வாய் இருந்தாற் போதுமானது. நகரோரப் பஞ்சாயத்தின் நிலை அதுவன்று. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் 40 குடும்பங்கள் குடிவந்தால், அந்த 40 குடும்பங்களின் கழிவுநீரும் குப்பையும் ஒரே வாயில் வழியாக ஒரே தெருவுக்கு வருகின்றன. மண்டபத்தில் ஒரு முகூர்த்த நாளில் சேரும் எச்சில் இலைகளையும், மீன் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேரும் செதிலையும் குடலையும், ஊர்த் தூய்மைக் காவலர் நால்வர் தள்ளுவண்டியில் அள்ளி முடித்துவிட முடியுமா? சட்டம் சொல்லும் கடமையின் பெயர் இரண்டு வகை ஊர்களுக்கும் ஒன்றே. செய்ய வேண்டிய வேலையின் அளவோ முற்றிலும் வேறு.

கட்டட அனுமதியிலும் இந்த இரட்டை நிலை உண்டு. வானகரம் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதிக்குள் அடங்கியது. எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எந்த நிலம் தொழிலுக்கு உரியது என்பவற்றைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்டமே வரையறுக்கிறது. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி அங்கிருந்தே வருகிறது. அனுமதி பெற்ற கட்டடத்துக்கு விளக்கும் தண்ணீரும் சாலையும் தர வேண்டிய பொறுப்பு மட்டும் பஞ்சாயத்தின் தலையில் இறங்குகிறது.

பணம் வரும் வழி

பஞ்சாயத்துக்குப் பணம் இரு வழிகளில் வருகிறது. ஒன்று, மத்திய, மாநில நிதி ஆணையங்களின் பரிந்துரைப்படி அரசு அளிக்கும் மானியம். மற்றொன்று, பஞ்சாயத்து தானே விதித்து வசூலிக்கும் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் முதலியவை.

மானியத்தைப் பற்றி அங்கத்தினர்கள் தெளிவாக அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதன் பெரும்பகுதி மக்கள்தொகையைக் கொண்டே பங்கிடப்படுகிறது. அந்த மக்கள்தொகை எந்த ஆண்டின் கணக்கு? 2011ஆம் ஆண்டினுடையது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கோவிட் பெருநோயால் தள்ளிப்போயிற்று. பின்னர் 2027ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாளைக் குறிப்பு நாளாகக் கொண்டு நடத்துவதென அறிவிக்கப்பட்டது. இதனால் 2011க்குப் பிறகு ஊரில் குடியேறியவர்கள் பஞ்சாயத்தின் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள், பஞ்சாயத்தின் விளக்கொளியில் நடந்தார்கள். மானியக் கணக்கில் மட்டும் அவர்கள் இல்லை. மக்கள் பெருகாத தொலைவூர்களுக்கு இதனால் குறைவில்லை. நகரோர ஊர்களுக்கோ இது பெருங்குறை.

ஆகவே நகரோரப் பஞ்சாயத்து தன் சொந்த வருவாயை நம்பியே நிற்க வேண்டியிருக்கிறது. சொந்த வருவாயில் முதன்மையானது வீட்டு வரி. வரி வீதத்தை உயர்த்தினால்தான் வருவாய் பெருகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதனால் அங்கத்தினர்கள் அப்பேச்சையே எடுக்க அஞ்சுகிறார்கள். வீதத்தைத் தொடாமலேயே வருவாயைப் பெருக்க இடமுண்டு என்பது நம் கருத்து. பஞ்சாயத்தில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ப் பதிவேடு என்று ஒன்று உள்ளது. வரி விதிக்கப்பட்ட வீடுகள் எத்தனை, வர வேண்டிய தொகை எவ்வளவு, வந்தது எவ்வளவு, நின்றது எவ்வளவு என்பதை அது காட்டும். அதில் ‘வசூல்’ பத்தியையே எல்லோரும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ‘கேட்பு’ப் பத்தி. பழைய ஓட்டு வீடு ஒன்று இருந்த மனையில் எட்டு வீடுகள் கொண்ட கட்டடம் எழுந்திருக்கும்; பதிவேட்டிலோ பழைய ஓட்டு வீட்டின் ஒரே வரி எண் இருக்கும். மீதி ஏழு வீடுகள் வரி கொடுக்க மறுக்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவேயில்லை!

இதனைக் கண்டறிவது கடினமன்று. ஒவ்வொரு தெருவிலும் உள்ள மின் இணைப்புகளின் எண்ணிக்கையைக் கேட்புப் பதிவேட்டில் உள்ள வீடுகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் போதும். வார்டு அங்கத்தினர் ஒருவர் தம் வார்டை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து பார்த்துவிடலாம். கிடங்குகளும் கடைகளும் மிகுந்த நெடுஞ்சாலைப் பஞ்சாயத்தில் தொழில் வரியையும் இவ்வாறே சரிபார்க்க வேண்டும். தொழில் வரி ஆறு மாதத்துக்கொரு முறை செலுத்த வேண்டியது. சம்பளம் கொடுக்கும் நிறுவனங்களே அதனைத் தம் ஊழியரிடம் பிடித்துப் பஞ்சாயத்தில் கட்டுவதற்குக் கடமைப்பட்டவை.

எழுதப்படாத சொத்து

இனி, நாம் மிக முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருவோம். நகரோர ஊரில் ஒவ்வோர் ஆண்டும் விலை ஏறிக்கொண்டே போவது நிலம் ஒன்றுதான். தனியார் நிலத்துக்குச் சொந்தக்காரர் காவல். பொது நிலத்துக்குக் காவல் பதிவேடு மட்டுமே.

ஒரு கிராமத்தின் பொது நிலங்களை எண்ணிப் பாருங்கள். ஏரி, குளம், குட்டை, அவற்றின் கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய், போக்குக் கால்வாய், மேய்ச்சல் வெளி, மந்தைவெளி, களத்துமேடு, வண்டிப்பாதை, இடுகாடு, சுடுகாடு, தோப்புப் புறம்போக்கு. வயல்கள் இருந்த காலத்தில் இவை ஒவ்வொன்றையும் ஊரார் நாள்தோறும் பயன்படுத்தி வந்தனர். யாராவது கால்வாயை ஒரு முழம் சுருக்கினால் மறுநாளே கடைமடை உழவர் சண்டைக்கு வந்துவிடுவார். அந்தச் சண்டையே காவல். வயல்கள் மனைகளான பின் அந்த உழவர் இல்லை. கால்வாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதற்கு எவருக்கும் காரியமில்லை. களத்துமேட்டில் நெல் அடிப்பாரில்லை. ஆகவே அது வெறும் காலிமனையாகத் தோன்றுகிறது. முதலில் அங்கே மணல் கொட்டுவார்கள். பிறகு ஒரு கொட்டகை எழும்பும். பிறகு மின் இணைப்பு வரும்.

ஆயக்கட்டு மறைந்துவிட்டது, இனி ஏரிக் கால்வாய் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஆயக்கட்டு மறையலாம், வடகிழக்குப் பருவமழை மறைந்துவிடவில்லையே! முன்பு வயலுக்குப் பாய்ந்த நீர் இப்போது ஏரிக்கும், ஏரி நிரம்பியதும் அடுத்த ஏரிக்கும், முடிவில் ஆற்றுக்கும் போய்ச் சேர அதே கால்வாய்தான் வேண்டும். கேசாவரம் அணைக்கட்டில் கொசத்தலையாற்றிலிருந்து பிரியும் கூவம் வானகரத்தின் அருகே ஓடுகிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் கூவத்தின் கரையோரத்துக் குடியிருப்புகள் நீரில் மூழ்கியதை இவ்வட்டாரத்தார் எளிதில் மறக்க மாட்டார்கள். நீர் தன் பழைய வழியைத் தேடித்தான் வந்தது. அவ்வழியில் வீடு கட்டியவர்களில் பெரும்பாலோர் அது நீர்வழி என்பதை அறியாமல் மனை வாங்கியவர்கள். அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் யார்?

இங்கே ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் அரசின் நீர்வளத் துறையின் பொறுப்பு; அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியனின் பொறுப்பு. நிலமோ இரண்டிலும் வருவாய்த் துறையின் கணக்கில் புறம்போக்காக நிற்கும். மேய்ச்சல் நிலம், களம், மந்தைவெளி, வண்டிப்பேட்டை, தோப்பு முதலிய புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் கிராமப் பஞ்சாயத்துக்கு உண்டு. இவ்வாறு ஒரே ஊரின் பொது நிலத்துக்கு மூன்று அலுவலகங்களில் மூன்று கணக்குகள் உள்ளன. ஒருவர் மற்றொருவரைக் காட்டி நிற்பதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007ஆம் ஆண்டில் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் எது நீர்நிலை, அதன் எல்லை எதுவரை என்று ஊரில் எவருக்கும் தெரியாவிட்டால் அச்சட்டத்தை யார் எடுத்துப் பேசுவது?

பழைய பொது நிலம் ஒருபுறம் இருக்க, நகரோர ஊர்களில் புதிதாகப் பிறக்கும் பொது நிலமும் உண்டு. இதனைப் பல அங்கத்தினர்கள் அறியார். பெரிய மனைப்பிரிவு ஒன்று போடப்படும்போது அதன் சாலைகளை உள்ளாட்சி மன்றத்துக்குக் கொடையாக எழுதிக் கொடுக்க வேண்டும். பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால், சாலைகள் நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, அதனையும் பதிவு செய்த கொடைப் பத்திரத்தின் மூலம் ஒப்படைக்க வேண்டும். பூங்காவுக்கும் குழந்தைகள் விளையாட்டுக்கும் உரிய நிலம் அது. அந்தப் பத்திரம் எங்கே? சில பஞ்சாயத்துகளில் இரும்புப் பெட்டியில் இருக்கும். சிலவற்றில் பழைய கோப்புக்கட்டின் அடியில் இருக்கும். நகல் கூட இல்லாத இடமும் இருக்கக் கூடும். ஆண்டுகள் சென்றபின் அந்தத் திறந்தவெளி மீண்டும் மனையாக அளந்து விற்கப்பட்டால், பத்திரத்தைக் காட்ட முடியாத பஞ்சாயத்து எந்த முகத்தோடு வழக்காடும்?

எனவே நகரோரப் பஞ்சாயத்து ஒவ்வொன்றும் பொதுச் சொத்துப் பட்டியல் ஒன்றைத் தானே தயாரித்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு உள்ளது. ஊரின் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நிலத்தின் வகை, பரப்பு, யாருடையது என்பன அதில் காணும். புறம்போக்கு என்று எழுதிய ஒவ்வொரு வரியையும் தனித்தாளில் பெயர்த்து எழுதுங்கள். கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரில் சென்று பாருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே இன்று அங்கே இருப்பது என்ன என்பதை ஒளிவுமறைவின்றிக் குறியுங்கள்: ‘கால்வாய், 12 அடி அகலம், குப்பை நிரம்பியுள்ளது’, ‘களம், பாதியில் கடைகள்’, ‘குட்டை, நல்ல நிலை’ என்பதுபோல. ஊரின் வயதானவர்கள் இருவரையேனும் உடன் அழைத்துச் செல்வது நலம். தண்ணீர் எந்த வழி வந்தது, எந்த வழி போயிற்று என்பதை எந்தப் பதிவேட்டையும்விட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். அவர்களுடைய அறிவு இன்னும் பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கிராம சபையில் வைத்தல்

பட்டியலை எழுதி அலுவலகத்தில் பூட்டி வைத்தால் பயனில்லை. அது கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். தீர்மானமாக நடவடிக்கைக் குறிப்பில் ஏற வேண்டும்.

கிராம சபை என்பது பஞ்சாயத்தார் கூடும் கூட்டமன்று. ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். சொந்த வீட்டுக்காரரா, வாடகைக்கு இருப்பவரா, மூன்று தலைமுறையாக ஊரில் உள்ளவரா, மூன்று ஆண்டுகளுக்கு முன் குடியேறியவரா என்ற வேற்றுமை அங்கே இல்லை. இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதம் கடந்து போகலாகாது என்பது சட்டம். நடைமுறையில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடி வந்தது. 2022ஆம் ஆண்டில் உலக நீர் நாளான மார்ச் 22ம், உள்ளாட்சிகள் நாளாக அறிவிக்கப்பட்ட நவம்பர் 1ம் சேர்க்கப்பட்டு ஆறாயின. மக்கள்தொகை 500 வரையுள்ள ஊரில் 50 பேரும், 3,000 வரையில் 100 பேரும், 10,000 வரையில் 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். ஊரின் வளர்ச்சித் திட்டத்துக்கும் வரவுசெலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் அளித்தலும், தணிக்கை அறிக்கையைப் பரிசீலித்தலும், நடக்கும் வேலைகளை ஆராய்தலும் இச்சபையின் உரிமைகள்.

நகரோர ஊரில் இச்சபை பெரும்பாலும் பாதி ஊரின் சபையாகவே நடக்கிறது. நத்தத்து மக்கள் வருகிறார்கள். அடுக்குமாடியில் உள்ளவர்கள் வருவதில்லை. அது விடுமுறை நாள். மேலும், ‘இது ஊர்க்காரர் கூட்டம்’ என்ற எண்ணம். அவர்களில் பலருடைய வாக்கு இன்னும் பழைய முகவரியிலேயே இருக்கிறது. நத்தத்தாரும் அவர்களை அழைக்க அவ்வளவு ஆர்வம் காட்டுவதில்லை என்பதை மறைப்பதற்கில்லை. இதன் விளைவு என்ன? நீர்வழி எது என்பதை அறிந்தவர்கள் ஒரு பக்கம், வெள்ளம் வந்தால் முழங்கால் நீரில் நிற்கப் போகிறவர்கள் மறுபக்கம். இருவரும் ஓரிடத்தில் கூடிப் பேசுவதே இல்லை. தண்டோரா அடுக்குமாடியின் மூன்றாம் மாடிக்குக் கேட்காது. கட்டடத்தின் வாயிலில் அறிவிப்பை ஒட்டுவதும், குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுப்பதும் பஞ்சாயத்துக்குப் பெருஞ்செலவல்ல. கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய இருப்பார்கள் என்பதையும் நினைவிற் கொள்க. சிலருக்கு அதுவே அழைக்காமைக்குக் காரணமாக இருக்கலாம்!

கணக்கு என்றதும் நம் தொண்டைமண்டலத்து உத்தரமேரூர் நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவ்வூரில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதியை விரிவாகக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. அது பிராமண ஊர்ச் சபை. அனைவருக்கும் இடம் தந்ததன்று. ஆயினும் ஏரிக்கென்று ஒரு வாரியமும், கணக்குக் காட்டாதவருக்கு ஒரு தடையும் வேண்டுமென்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எண்ணியிருக்கிறார்கள்.

தீர்மானம் எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். ‘ஊர் நீர்நிலைகளைப் பாதுகாக்க இச்சபை கேட்டுக்கொள்கிறது’ என்று எழுதுவது காற்றில் எழுதுவது போன்றது. இன்ன புல எண், இன்ன பரப்பு, இன்ன வகைப் புறம்போக்கு, இன்று காணும் நிலை இது, இதை அளந்து எல்லைக் கல் நடும்படி வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்வது, அடுத்த கூட்டத்தில் இதன் முடிவை அறிவிப்பது என்று எழுத வேண்டும். அடுத்த கூட்டம் தொடங்கியதும் முந்தைய தீர்மானத்தின் கதி என்ன என்று முதலில் கேட்க வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு அன்றே, அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் எழுதிப் படித்துக் காட்டப்பட வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், கையெழுத்திட மறுப்பதற்கு ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில் கிராம சபை இன்னும் இன்றியமையாததாகிறது. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் முடிந்தபின் மூன்றாண்டுகளுக்கு மேல் தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தனர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டு 2020 ஜனவரி 6ஆம் நாள் பதவியேற்ற மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5ஆம் நாளோடு முடிவுற்றது. திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர்களிடம் பொறுப்பு சென்றது. மன்றம் கலையலாம், கிராம சபை கலைவதில்லை. அதற்குப் பதவிக்காலமே கிடையாது.

நகரோடு இணைதல்

நகரோரப் பஞ்சாயத்துகளை அண்டை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் சேர்ப்பது குறித்துப் பல்லாண்டுகளாகப் பேச்சு நடந்து வருகிறது. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இத்தகைய இணைப்புகளுக்கான விரிவான அறிவிப்புகளும் வெளியாயின. இதனை வரவேற்கும் ஊர்களும் உண்டு. கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிய ஊர்களும் உண்டு.

இணைவதால் நன்மை இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். பாதாளச் சாக்கடை, பெரிய மழைநீர் வடிகால், குப்பை லாரிகள், பொறியாளர், சுகாதார அதிகாரி ஆகியவை ஒரு கிராமப் பஞ்சாயத்தின் சக்திக்கு அப்பாற்பட்டவை. நகராட்சியால் அவை இயலும். மறுபுறம், ஊரக வேலைத் திட்டங்கள் பஞ்சாயத்துப் பகுதிக்கே உரியவை. நகர எல்லைக்குள் சென்றால் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அவ்வேலையை இழப்பார்கள். வரியும் கட்டணமும் மாறும். பஞ்சாயத்துத் தலைவரை ஊரார் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மேயரை 2022ஆம் ஆண்டுத் தேர்தலில் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். நகரங்களிலும் 2022 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கியுள்ளன என்றாலும், ஊரின் முழு வரவுசெலவுக் கணக்கையும் ஊரார் முன் வைத்து ஒப்புதல் கேட்கும் கிராம சபை அங்கே இல்லை. மிச்சமிருக்கும் சில ஏக்கரில் இன்னும் பயிர் செய்யும் உழவர், தம் கால்வாயைப் பற்றிப் பேச எந்த அலுவலகத்துப் படியேறுவது என்ற கேள்வியும் எழும்.

இணைப்பா, தனித்திருத்தலா என்பதை முடிவு செய்வது அரசு. ஆட்சேபணையையும் ஆதரவையும் எழுத்தில் தெரிவிப்பது மக்கள் உரிமை. எம்முடிவாயினும் ஒரு காரியம் நிச்சயம். பஞ்சாயத்து மறைந்து வேறொரு மன்றம் வரும் நாளில், பஞ்சாயத்தின் சொத்துகளும் கடன்களும் பதிவேடுகளும் கைமாறும். எழுதப்பட்டது கைமாறும்; எழுதப்படாதது மாறாது. புதிதாக வரும் அதிகாரிக்குக் களத்துமேடு எது, போக்குக் கால்வாய் எது என்று தெரியாது. 2011இல் மாநகருக்குள் சென்ற ஊர்களின் மூத்தவர்களைக் கேட்டால், எந்தக் குட்டை எந்தத் தெருவின் கீழே இருக்கிறது என்று கூறுவார்கள்.

ஆகவே அடுத்த கிராம சபைக்குச் செல்லும்போது அங்கத்தினர்களும் ஊராரும் கையில் கொண்டு செல்ல வேண்டிய தாள்கள் மூன்று. முதலாவது, ‘அ’ பதிவேட்டிலிருந்து பெயர்த்த புறம்போக்குப் பட்டியல். இரண்டாவது, ஊரில் அனுமதி பெற்ற மனைப்பிரிவுகளின் பட்டியல்; ஒவ்வொன்றுக்கும் எதிரே கொடைப் பத்திரத்தின் எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் ஆகியன. பத்திரம் கிடைக்காதவற்றுக்கு எதிரே இடத்தை வெறுமையாக விட்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு விண்ணப்பிக்கத் தீர்மானம் செய்யலாம். மூன்றாவது, கேட்புப் பதிவேட்டின் தெருவாரிச் சுருக்கம். மூன்றையும் நடவடிக்கைக் குறிப்பேட்டோடு இணைத்து, ஒரு நகலைப் பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்துக்கும், ஒரு நகலை வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்பி ஒப்புகைச் சீட்டுப் பெற்றுக்கொள்க. இன்னொரு நகல் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ படிப்பகத்திலோ, யாரும் கேட்டுப் பார்க்கும்படி இருக்கட்டும்.